இடது கைக்காரி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி தேவலையா என்பதை முதலில் எழுது. மற்ற கதையெல்லாம் பிறகு. நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்திப் பயிற்சி கொடுக்கிறவளுக்கே முதுகு பிடித்துக்கொண்டால் அவள் யாரிடம் போய்க் காட்டுவாள் என்று இவர் கேட்கிறார்.

ஜட்ஜம்மாவுக்கு நேற்றோடு ஆறு மாதம் முடிந்தது. ஆசை ஆசையாக வைத்த பெயரை ஒருவரும் கூப்பிடுவதில்லை. புருவத்தைச் சுருக்கி எல்லோரையும் குற்றவாளி மாதிரிப் பார்க்கிறாள் என்று மாமா வைத்த பட்டம் நிலைத்துவிட்டது. தலையை நன்றாகத் தூக்குகிறாள். குப்புற விழுகிறாள். இன்னொரு செய்தி, அவள் இடது கைக்காரி. கிலுகிலுப்பை, என் தலைமுடி, மாமாவின் மூக்குக்கண்ணாடி, எதுவானாலும் இடது கைதான் பாய்ந்து வருகிறது. வலது கை முஷ்டியை மடக்கிக்கொண்டு சும்மா இருக்கும். “இடது கைக்காரங்க மூளைக்காரங்க” என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். ஆறு மாதத்திலேயே இவ்வளவு தெளிவாகத் தெரிந்துவிடுமா அக்கா?

உன் கடிதம் வந்தால் மாமா கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவது உனக்குத் தெரியும். முப்பது வருடம் கோர்ட்டில் வாக்குமூலம் வாசித்த குரல், லேசில் ஓயாது. நான் எழுதுவதையும் உறையில் போடுவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துத்தான் ஒட்டுவார். அதனால் என் மானத்தை வாங்காமல் நல்லவிதமாக எழுது.

உன் தங்கச்சி

பின்குறிப்பு: சம்பந்தி வீட்டு மகளுக்கு ஆசிகள். என் பெரியப்பாவும் இடது கைதான். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பேத்திக்கும் அதுவே வந்திருக்கிறது. – மாமா


ஜனவரி 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதுகு பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், ஆனால் எந்த வேளை என்று கேட்காதே. மாமாவுக்கும் அத்தைக்கும் மாப்பிள்ளைக்கும் என் வணக்கம். பெரியப்பா பற்றி மாமா எழுதியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன்.

எங்கள் பயிற்சி அறைக்கு இந்த மாதம் புதிதாக ஒரு பெரிய பந்து வந்திருக்கிறது, இடுப்பு உயரம். பிள்ளைகளை அதன்மேல் படுக்க வைத்து உருட்டினால் சிரிப்பு தாங்காது. மூன்று படி வைத்த மர ஏணிக்கும் புதுச் சாயம் அடித்தோம். ஏறப் பயப்படுகிற ஒரு வாண்டு இப்போது சாயத்தைத் தொட்டுப் பார்ப்பதற்காகவே ஏறுகிறது.

ஜட்ஜம்மாவோடு விளையாட ஒரு விளையாட்டு சொல்கிறேன். கிலுகிலுப்பையை எப்போதும் அவளுக்கு வலது பக்கமாகவே காட்டு. நீயும் வலது பக்கத்திலிருந்தே பேசு. அவள் என்ன செய்கிறாள் என்று எனக்கு எழுது. கையைத் திறந்தால் விரல்கள் சுலபமாகத் திறக்கின்றனவா, கட்டை விரல் எங்கே இருக்கிறது என்பதையும் எழுது. சும்மா, ஓர் ஆசைக்கு.

அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? கடையில் உட்கார்ந்த இடத்திலேயே இருக்காமல் எழுந்து நட.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சி குழந்தை ஆறு மாதத்தில் ஒரு கையைத்தான் பயன்படுத்துகிறதாம். வீடே கொண்டாடுகிறது. ஒரு வயது வரைக்கும் எந்தக் குழந்தைக்கும் இடது கைப் பழக்கமும் கிடையாது, வலது கைப் பழக்கமும் கிடையாது. அதற்கு முன்பே ஒரு கை மட்டும் வேலை செய்தால் அது கெட்டிக்காரக் கை என்று அர்த்தமில்லை. மற்றக் கை வரவில்லை என்று அர்த்தம். மூளையில் ஒரு பக்கம், பிறக்கும்போதோ அதற்கு முன்போ, அடிபட்டிருக்கலாம். நான் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பதினாறு வருடமாக இதே வேலை.

இப்போதே ஆரம்பித்தால் அந்தக் கை எவ்வளவோ கற்றுக்கொள்ளும். பச்சை மண் மாதிரி இருக்கிற வயது. தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் கெட்டிப்படும்.

கடிதத்தில் எழுதினால் கூடத்தில் வாசிக்கப்படும். போன் இருப்பதும் அதே கூடத்தில், எடுப்பவரும் மாமாதான். நேரில் போகலாம் என்றால் போக மட்டும் இரண்டு நாள். இங்கே முப்பத்தி நான்கு பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி. விடுப்பு கேட்டதற்கு, “உங்க இடத்துக்கு ஒரு ஆளைக் காட்டிட்டுப் போங்க” என்றார் நிர்வாகி. உனக்கு அரைநாள் பயணம். நீ போய் அவளைத் தனியாக அழைத்துச் சொல். அவள் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அதற்கு நான் பதில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 10

தங்கைக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். சர்க்கரை தன் பாட்டுக்கு ஏறுகிறது, நான் என் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ படித்தவள், உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் தவளை தன் வாயால் கெட்ட கதை நம் வீட்டிலேயே ஒன்று நடந்திருக்கிறது. அவளுக்குக் கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போன இடத்தில் நீ என்ன செய்தாய்? நாத்தனார் மகன் குதிகாலைத் தூக்கி நடக்கிறான், தசை இறுக்கம், உடனே காட்டுங்கள் என்றாய். பதறிப்போய் மூன்று டாக்டரிடம் ஓடினார்கள். மூன்று பேரும் ஒன்றுமில்லை என்றார்கள். இன்றைக்கு அந்தப் பயல் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்குகிறான். அத்தை என்ன சொன்னார்கள் என்று உனக்கும் ஞாபகம் இருக்கும். “பிள்ளை பெறாதவ கண்ணுக்கு எல்லாப் பிள்ளையும் நோயாளியாத்தான் தெரியும்.” அதற்காக ஒரு மாதம் அந்த வீட்டில் யாரும் நம்மவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ ரயிலேறி வந்துவிட்டாய், அவள் அங்கேயே கிடந்தாள்.

இந்தத் தடவையும் தப்பாகப் போனால்? குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும். தானாகத் தெரியும். நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீயும் எழுதாதே. இது அண்ணன் சொல்கிற சொல்.

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். எனக்குத்தான் நான்கு நாளாகச் சளி. இப்போது தேவலை. உன் சாப்பாட்டு நேரத்தைப் பற்றி அத்தை இரண்டு நாள் கவலைப்பட்டார்கள்.

நீ சொன்ன விளையாட்டை விளையாடினோம். கிலுகிலுப்பையை வலது பக்கம் காட்டினால் ஜட்ஜம்மா உடம்பையே திருப்பி, இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து பிடுங்கிக்கொள்கிறாள். “சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்றா பாரு” என்று மாமாவுக்கு ஒரே பெருமை. வலது கை விரல்களைத் திறந்து பார்த்தேன். திறக்கின்றன, ஆனால் கொஞ்சம் பிடிவாதம். கட்டை விரல் உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது. நீ கேட்டாயே என்று எழுதினேன். கேட்டதற்குக் காரணம் ஏதாவது உண்டா?

எட்டு மாதம் ஆகப்போகிறது, உட்கார வைத்தால் உட்காருகிறாள். வலது பக்கமாகச் சாய்ந்துவிடுகிறாள். தலையணை வைக்கிறேன். உன் கடிதத்தை மாமா வாசித்து முடித்ததும் சமையலறைக்கு எடுத்துப்போய் நான் மறுபடி ஒருமுறை படித்தேன். அதற்கப்புறமும் ஒருமுறை.

உன் தங்கச்சி


மார்ச் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

சளி விட்டதா? வெந்நீர் குடி. அத்தையிடம் சொல், இப்போதெல்லாம் ஒரு மணிக்கு முன்பே சாப்பிட்டுவிடுகிறேன்.

காரணம் என்ன, சித்தி பெரியம்மாக்களுக்கு வேறு வேலை என்ன? இன்னொரு விளையாட்டு சொல்கிறேன். அவளுடைய இடது கைக்கு ஒரு சின்ன சாக்ஸை மாட்டிவிடு. கை உள்ளே பத்திரமாகத் தூங்கட்டும். பிறகு தட்டினால் சத்தம் வருகிற பொருள், ஒட்டிப் பிடிக்கிற பொருள், பிசைகிற மாவு இதெல்லாம் வலது கைக்கு எட்டுகிற மாதிரி வை. நாளுக்கு அரை மணி போதும். சாக்ஸைக் கழற்றிய பிறகு, ஒரு கையால் தூக்க முடியாத பெரிய பந்து ஒன்றைக் கொடு. இரண்டு கையும் வேண்டியிருக்கும், வேடிக்கையாக இருக்கும். சாய்கிற பக்கத்தில் தலையணைக்குப் பதில் அவள் கையை விரித்து ஊன்ற வை.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. பாய்களையெல்லாம் வெளியே காயப்போட்டோம்.

அக்கா


ஏப்ரல் 6
(அனுப்பாத கடிதம்)

தங்கச்சி,

இன்றைக்கு மத்தியானம் ஒரு அம்மா வந்தாள். இரண்டரை வயதுப் பையன், ஒரு பக்கக் கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். “ஏம்மா, இவ்வளவு நாளாக் காட்டாம என்ன பண்ணீங்க?” அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. “யாரும் சொல்லலையே” என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பந்தை எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

முன்பின் தெரியாத பெண்ணிடம் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் கூடப் பிறந்தவளுக்கு சாக்ஸ் மாட்டு, பந்து கொடு என்று கதை விடுகிறேன். அண்ணன் சொன்னான் என்பது ஒரு சாக்கு. மறுபடியும் தப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் நினைப்பது சரியாகிவிடுமோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

உறையில் முகவரி வரைக்கும் எழுதிவிட்டேன். மாமா இதை வாசிக்கிறபோது நீ எங்கே நின்றுகொண்டிருப்பாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். சமையலறை வாசலில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன்னிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. வேலை அதிகமா, உடம்புக்கு ஏதாவதா என்று நான்தான் கேட்கிறேன், அத்தையும் கேட்கச் சொன்னார்கள்.

சாக்ஸ் விளையாட்டு நினைப்பு வந்தால் விளையாடுகிறோம். மாட்டினதும் வீடு இரண்டுபடுகிற மாதிரி அழுகிறாள். “எதுக்குடி புள்ளைய அழ வச்சு விளையாடுற?” என்று அத்தை கழற்றிவிடுவார்கள். சரி, விளையாட்டுதானே என்று நானும் விட்டுவிடுவேன்.

பத்து மாதத்தில் தவழ ஆரம்பித்துவிட்டாள். எப்படித் தெரியுமா? இடது கையை ஊன்றி, வலது பக்கத்தை இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில் போகிறாள். நண்டு நண்டு என்று இவர் கூப்பிடுகிறார். எல்லோரும் சிரிக்கிறோம். வலது காலும் கொஞ்சம் விறைப்பாக இருக்கிற மாதிரி எனக்குப் படுகிறது. எனக்குத்தான் படுகிறது, மற்றவர்களுக்கு இல்லை.

நீ தினமும் எத்தனையோ குழந்தைகளைப் பார்க்கிறவள். நம்ம ஜட்ஜம்மா எப்படி என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் இங்கே எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். மாமாகூட, “உங்க அக்கா வாயால ஒரு நல்ல வார்த்தை வரட்டும்” என்றார்.

உன் தங்கச்சி


ஜூன் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலைதான். இரண்டு பிள்ளைகளுக்குக் கால் தாங்கி அளவெடுக்கிற வாரம், மூச்சுவிட நேரமில்லை.

நீ கேட்டிருந்தாய். நம்ம ஜட்ஜம்மா நன்றாக இருக்கிறாள். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி, ஒன்று நண்டு மாதிரிப் போகும், ஒன்று தவளை மாதிரிப் போகும். நடக்கிற காலத்தில் நடக்கும். கவலைப்பட ஒன்றுமில்லை. சாக்ஸ் விளையாட்டை மட்டும் விடாதே, எனக்காக.

இங்கே இரண்டு நாளாக மழை. அறைக்குள் ஓர் இடத்தில் ஒழுகுகிறது. அதற்குக் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு அந்த வாளிவரை நடந்து போய்ப் பார்ப்பதுதான் இந்த வாரப் பயிற்சி. மாமாவுக்கும் அத்தைக்கும் மாப்பிள்ளைக்கும் என் வணக்கம்.

அக்கா


ஆகஸ்ட் 28

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை இது. மாமா பார்க்காத கடிதம். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாசலில் இருக்கிற பெட்டியில் நானே போட்டுவிட்டுப் போவேன். ஜட்ஜம்மா மடியில் தூங்குகிறாள்.

ஊசி போடத்தான் வந்தேன். நர்ஸ் அவள் கையில் ஒரு டப்பா மூடியைக் கொடுத்து, பிறகு இன்னொன்றைக் காட்டினாள். குழந்தை கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு அதே கையால் அடுத்ததை வாங்கியது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் எங்களை நடைக்கோடியில் இருக்கிற ஓர் அறைக்கு அனுப்பினார். உள்ளே பாய், சுவர்க் கண்ணாடி, இடுப்பு உயரத்துக்குப் பந்து. நான் அங்கே போனதே இல்லை, ஆனால் எனக்கு அந்த அறை தெரிந்திருந்தது.

உன்னை மாதிரி ஒரு பெண். அரை மணி பார்த்தாள். என்னை உட்கார வைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, வலது பக்கம் முழுக்கப் பாதித்திருக்கிறது என்றாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சாக்ஸை எடுத்தாள். இதைத் தினமும் நல்ல கைக்கு மாட்டணும் என்றாள். “இது எங்க வீட்டுல விளையாடுற விளையாட்டு” என்றேன். “யார் சொல்லிக் குடுத்தாங்க?” என்றாள். “அக்கா.” “அக்கா என்ன வேலை பார்க்கிறாங்க?” நான் சொன்னேன். அவள் சாக்ஸை என் மடியில் வைத்துவிட்டு, அடுத்து வர வேண்டிய தேதியை எழுத ஆரம்பித்தாள்.

விளையாட்டு என்று சொன்னாயே. விளையாட்டு என்பதால்தான் அழுதபோதெல்லாம் விட்டுவிட்டேன். மருந்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நாள் விட்டிருப்பேனா? அத்தை கழற்ற வந்தால் கையைப் பிடித்துத் தடுத்திருக்க மாட்டேனா?

இடது கை இடது கை என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஏன் எழுதினேன் என்று நினைக்கிறாய்? பெருமைக்கா? மாமா பார்க்கிற கடிதத்தில் வேறெப்படிக் கேட்பேன்? விரலைப் பற்றி எழுதினேன், சாய்வதைப் பற்றி எழுதினேன், காலைப் பற்றி எழுதினேன். உனக்குப் புரியும் என்று நினைத்தேன். உன் பதில் வரும், அதில் ஒன்றும் இருக்காது. அக்காவே சொல்லவில்லையே, அப்படியானால் ஒன்றும் இருக்காது என்று அன்றைக்கு ராத்திரி தூங்குவேன். நீ சும்மா இருந்ததை நான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். ஜூனில் நீ எழுதியதை மாமா இரண்டு தடவை வாசித்தார். நான் அழுதேன், சந்தோஷத்தில்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. போய் என்ன சொல்வேன்? பிள்ளை வயிற்றில் இருந்தபோது நீ மாடி ஏறினாய், அதைத் தூக்கினாய், இதைத் தின்றாய் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு வாய் வரவில்லை. நீ எழுது. கூடத்தில் வாசிக்கிற மாதிரி எழுது. முதல் நாள் வருகிற அம்மாவிடம் எப்படிச் சொல்வாயோ அப்படி எழுது. அது வருகிறவரைக்கும் நான் அந்த வீட்டில் வாயைத் திறக்காமல் இருப்பேன்.

தங்கச்சி


செப்டம்பர் 5

கூடத்தில் இருக்கிற எல்லோருக்கும்,

எல்லோரும் நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். மாமா, இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். அத்தையும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து கேட்கட்டும். தங்கச்சிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், அவள் வாசலில் நிற்க வேண்டாம்.

குழந்தைக்கு வலது கையும் வலது காலும் சரியாக வேலை செய்யவில்லை. மூளையின் இடது பக்கத்தில் பிறக்கும்போதோ அதற்கு முன்போ ஏற்பட்ட பாதிப்பு. ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அவள் இடது கைக்காரி இல்லை. வலது கை வராததால் இடது கையை வைத்துச் சமாளிக்கிற குழந்தை. இது மாடி ஏறியதால் வந்ததில்லை. எதையும் தூக்கியதாலோ தின்றதாலோ வந்ததில்லை. உங்கள் மருமகள் செய்த எதனாலும் வந்ததில்லை. மாமா, இந்த மூன்று வரிகளை இன்னொரு தடவை வாசியுங்கள்.

அவள் நடப்பாள். கொஞ்சம் தாமதமாக நடப்பாள், காலுக்கு ஒரு தாங்கி வேண்டியிருக்கும். வலது கை இடது கைக்குத் துணையாக வரும், அதற்குச் சமமாக வராது. எவ்வளவு வரும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. தினமும் அரை மணி, நல்ல கைக்கு உறை. அழுவாள். அத்தை, நீங்கள் ஓடிவந்து கழற்றுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கழற்றாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். மாப்பிள்ளை, வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு நீங்களும் கூடப் போக வேண்டும். உங்கள் மனைவி இத்தனை நாள் தனியாகச் சுமந்தாள்.

முன்பு ஒரு தடவை உங்கள் வீட்டில் தப்பாகச் சொன்னேன். அதனால் இந்தத் தடவை சரியாகத் தெரிந்தும் சொல்லவில்லை. ஜனவரியிலேயே தெரியும். குழந்தைக்குத் தொடங்கியிருக்க வேண்டிய ஏழு மாதம் போய்விட்டது. அது என்னால் போனது. ஜூன் மாதம் நான் எழுதியதும், மாமா இரண்டு தடவை வாசித்ததும் பொய்.

தங்கச்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதையும் இங்கேயே சொல்கிறேன், தனியாக எழுத எனக்கு இனி முகம் இல்லை. உனக்குப் புரியும் என்று நினைத்தேன் என்று எழுதியிருந்தாய். எனக்குப் புரிந்தது. முதல் கடிதத்திலேயே நீ கேட்கிறாய் என்று புரிந்தது, மே மாதம் நீ கெஞ்சுகிறாய் என்று புரிந்தது. புரிந்துகொண்டுதான் கவலைப்பட ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

மாமா, தங்கச்சிக்கு எழுதியிருக்கிற இந்தக் கடைசிப் பகுதியையும் விட்டுவிடாமல் வாசியுங்கள்.

அக்கா